எட்டாத எட்டு

கம்பெனிக்காரன் சொன்னது
லிட்டருக்குப் பதிமூன்றரை.
பளபளத் தாளில் கொட்டை எழுத்து,
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
நட்சத்திரத்தின் விளக்கத்தைப் படிக்க
சொத்தை தேடும் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.
படித்தோம். புரியவில்லை. வாங்கினோம்.

இரண்டு பல் டாக்டர்களுக்கு ஒரு வண்டி.
கொமொதோரோவில் கிளினிக்,
மேற்கே இருநூற்று எழுபது கிலோமீட்டர் தள்ளி
ரியோ மாயோவில் ஒரே ஒரு நாற்காலி.
திங்களன்று நான் ஓட்டிப் போவேன்,
வண்டியை அங்கே விட்டுவிட்டு
புதன் இரவு பஸ்ஸில் திரும்புவேன்.
வியாழன் எர்மிண்டா பஸ்ஸில் போய்
சனிக்கிழமை ஓட்டி வருவாள்.
போய்ச் சேர்ந்த ஊரில் தொண்டைவரை நிரப்ப வேண்டும்.
அவரவர் பெட்ரோல் அவரவர் பணம்.

எட்டு கியர், தானாகவே மாறும்.
காலுக்கு வேலை குறைந்தது,
காதுக்குக் கூடியது.
எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள்
யாரும் எதுவும் கேட்காமலே
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் பொட்டலில்
நூற்றுப் பத்தில் வைத்தேன்.
எட்டுக்குப் போனது.
மூன்று மூச்சு.
ஏழுக்கு இறங்கியது.
மறுபடி எட்டு, மறுபடி ஏழு,
ஒரு முனகலோடு ஆறு.
விடைபெற்ற விருந்தாளி
வாசலில் செருப்பை மாட்டுவதும்
இன்னொரு பேச்சு நினைவுக்கு வந்து கழற்றுவதுமாய்.
போயேன். இல்லை, உட்காரேன்.

ரியோ மாயோ பங்க்கில் கணக்குப் போட்டேன்:
ஏழு புள்ளி எட்டு.
டேஷ்போர்டு நோட்டில் எழுதிவைத்தேன்.
சனிக்கிழமை அதன் கீழே எர்மிண்டாவின் எழுத்து:
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
ஒரு சிரிப்பு முகம்.
'உன் கால் கனம், சுலேமா.'

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டினேன்.
ஹீட்டர் இல்லை. தொண்ணூறைத் தாண்டவில்லை.
ஷூவைக் கழற்றி
காலுறையோடு மிதித்தேன், முட்டை மேல் நடப்பதுபோல.
செம்மறி ஏற்றிய லாரிகள் ஹாரனடித்துக் கடந்தன,
கம்பித் தடுப்புக்குள்ளிருந்து ஆடுகள் திரும்பிப் பார்த்தன.
எட்டு புள்ளி ஆறு.

சர்வீஸில் பெலிசாரியோ
லேப்டாப்பைச் செருகி வெகுநேரம் பார்த்தான்.
'கோளாறு இல்லை, டாக்டர்.
ஓட்டுகிறவர் காலை கியர்பாக்ஸ் கற்றுக்கொள்ளும்.'
'யார் காலை?'
தோளைக் குலுக்கினான்.
அன்றிரவு எனக்குப் புரிந்தது:
என் காலுக்கு அடியில் எர்மிண்டாவின் கால் இருக்கிறது.
நான் மேற்கே ஓட்டுவது
அவள் சொல்லிக்கொடுத்த வண்டியை.

அவளிடம் அப்படியே சொன்னேன்.
நான்கு நாள் பேசவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு வாரம் மாறி வந்தது.
திங்கள் அவள் போனாள், சனி நான் திரும்பினேன்.
எட்டுக்குப் போனது.
இருந்தது.
சர்மியெந்தோ வரை இருந்தது, அதற்கு அப்பாலும்.
இஞ்சின் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது.
சாலைவேலை நடந்த இடத்தில், அறுபதில்,
காய்ந்த புதர் ஒன்று உருண்டுருண்டு
என் ஜன்னலோடு கூடவே வந்தது,
சற்று முந்தியும் போனது.

நாங்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை.
அங்கே காற்று செய்தியில்லை.
பிறந்ததிலிருந்து அது மேற்கிலிருந்து வருகிறது,
சுவரைப் போல, வரியைப் போல.

பதின்மூன்று புள்ளி ஒன்று.
அதற்கு மேலே அவள் திங்களன்று எழுதியது:
ஏழு புள்ளி நான்கு.
பேனா அழுத்தியதில் அடுத்த தாளிலும் தடம்.
சிரிப்பு முகம் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
அளந்துதான் போட்டிருக்கிறோம்
ஏழு மாதமாய், காற்றில்.

பஸ் நிலையத்தில் அவளுக்காக நிறுத்தியிருந்தேன்.
ஏறி உட்கார்ந்தாள். நோட்டைப் பார்த்தாள்.
பர்ஸைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.
'அப்போ காற்றின் பங்கை யார் கட்டுவது?'
எனக்குத் தெரியவில்லை.
இஞ்சின் அணைந்திருந்தது.
வண்டி ஆடிக்கொண்டிருந்தது.